பெண்களின் இரைப்பைப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் என்ன செய்கிறது?

இரைப்பைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. 2022இல் உலகம் முழுவதும் சுமார் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எந்த நாட்டை எடுத்தாலும், நோய் அதிகமுள்ள ஜப்பான், கொரியா ஆனாலும் சரி, குறைவாக உள்ள நம் மலேசியா ஆனாலும் சரி, ஆண்கள் பக்கம்தான் எண்ணிக்கை கூடி நிற்கிறது.

இந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு நிறுத்திவிட்டால் பெண்களுக்கு ஆபத்து. பெண்ணின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இரைப்பையைக் காக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் பல இருக்கின்றன. அதே ஹார்மோன், நோய் வந்த பிறகு அது பரவும் பாதையில் உதவியாக இருக்கக்கூடும் என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். நோய் தொடங்குவது ஒரு கேள்வி, பரவுவது வேறொரு கேள்வி.

முதலில், இரைப்பைப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த லாரன் என்ற மருத்துவர் 1965இல் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவைத்தான் இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, குடல் வகை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பல ஆண்டுகள் இரைப்பையில் தங்கி, உட்சுவரைப் புண்ணாக்கி, அந்தச் சுவர் மெலிந்து, குடலின் சுவரைப் போல மாறி, பிறகு மெதுவாகப் புற்றாக ஆகும். இதற்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது இதுதான். மற்றொன்று, பரவல் வகை. இதில் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் தனித்தனியாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவும். வெளியே கட்டியாகத் தெரியாமல், சுவர் முழுவதையும் தடித்து விறைத்துப் போகச் செய்துவிடும். இந்த வகை இளம் வயதிலும் வரும். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஆண்களுக்கு இணையாகவும் பல இடங்களில் கூடுதலாகவும் பெண்கள் இருக்கிறார்கள்.

ஆக, அந்த "இரண்டு மடங்கு" என்பது பெரும்பாலும் குடல் வகையால் வருவது. பரவல் வகைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

குடல் வகையில் பெண்களுக்கு நோய் வராமல் இருப்பதில்லை, தள்ளித் தள்ளி வருகிறது. ஆண்களுக்கு வரும் வயதைவிடப் பெண்களுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் தாமதம். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் போன பிறகு பெண்களின் எண்ணிக்கை வேகமாக ஏறத் தொடங்குகிறது. ஆண்-பெண் இடைவெளி அறுபது வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகிறது. புகைபிடிக்கும் பழக்கம் ஆண்களிடம் அதிகம் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் புகையைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுவதுமாக மறைவதில்லை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் பார்வை ஈஸ்ட்ரோஜன் பக்கம் திரும்பியது.

அதற்குச் சாட்சிகள் எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தன. சுவீடனில் புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களுக்கு ஒரு காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துத்தான் சிகிச்சை செய்வார்கள். அந்தக் காலத்து நோயாளிகளின் பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்தபோது, அவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. எலிகளிலும் இதே கதைதான். பைலோரி கிருமி ஏற்றப்பட்ட ஒரு வகை ஆண் எலிகளுக்கு இரைப்பையில் புற்று வரும். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அது தடுக்கப்பட்டது. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை உள்ள ஆண்டுகள் நீண்டிருந்த பெண்களுக்கும், மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கும் இந்நோய் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைவாக வந்ததாகப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்று காட்டியது.

ஈஸ்ட்ரோஜனுக்கும் இரைப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு புரதத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், மார்பகப் புற்றுச் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்று தேடினார்கள். ஒரு மரபணு கிடைத்தது. பிஎஸ்2 என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால், உடலில் அந்தப் புரதம் அதிகமாகச் சுரப்பது மார்பகத்தில் இல்லை, இரைப்பையில்! சளியோடு கலந்து இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், கீறல் விழுந்த இடத்தை ஆற்றுவதும் அதன் வேலை. இன்று அதன் பெயர் டிஎஃப்எஃப்1. இந்த மரபணுவை நீக்கிப் பிறக்க வைத்த எலிகள் எல்லாவற்றுக்கும் இரைப்பையில் கட்டி வந்தது. அவற்றில் ஒரு பகுதி புற்றாகவே மாறியது. இது 1996இல் வெளியான ஆய்வு. ஈஸ்ட்ரோஜனால் எழுப்பப்படும் ஒரு புரதம், இரைப்பையில் புற்றைத் தடுக்கும் புரதமாகவும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: அமிலம் சுரக்கும் இரைப்பைச் செல்களிலேயே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும் நொதி இருக்கிறது. சினைப்பையிலிருந்து வருவது போக, இரைப்பை தனக்குத் தேவையானதைக் கொஞ்சம் தானே செய்துகொள்கிறது.

சரி, இவ்வளவு நல்லது செய்யும் ஹார்மோன் பரவலுக்கு எப்படி உதவும்? இங்கேதான் ஏற்பிகளை, அதாவது ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் செல் புரதங்களைப் பற்றிப் பேச வேண்டும். ஹார்மோன் என்பது ஒரு செய்திதான். அதைச் செல் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது அந்தச் செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஏற்பிதான் உண்டு என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1996இல் சுவீடனில் இரண்டாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழையது ஆல்பா, புதியது பீட்டா. இரைப்பையில் பெரும்பாலும் இருப்பது பீட்டா. செல் வளர்ச்சியை அடக்கிவைக்கும் பக்கம் சாய்வது. ஆல்பா, செல்களைப் பெருகச் சொல்லும் பக்கம் சாய்வது. சில இரைப்பைப் புற்றுகளில் பீட்டா குறைந்து ஆல்பாவோ அதன் குட்டை வடிவமோ தலைதூக்குகிறது. அப்போது அதே ஈஸ்ட்ரோஜன், அதே ரத்தத்தில் ஓடிவந்து, வேறு செய்தியாகப் படிக்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் வளர்ச்சியைத் தூண்டியதும், அதிக அளவு அதை அடக்கியதும் பதிவாகியிருக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுச் செல்களும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் கொடுக்கின்றன. அவை சுரக்கும் புரதங்கள் புற்றுச் செல்களை நகரத் தூண்டலாம். இவையெல்லாம் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும் கண்டவை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் மனித உடலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சான்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் முன்னே இருக்கிறது.

1896இல் ஜெர்மனியில் க்ரூகன்பெர்க் என்ற இளம் மருத்துவர் பெண்களின் சினைப்பையில் வரும் ஒரு விசித்திரமான கட்டியை விவரித்து எழுதினார். சளி நிறைந்த, மோதிரம் போன்ற செல்கள் அதில் இருந்தன. அது சினைப்பையிலேயே தோன்றியது என்று அவர் நினைத்தார். சில ஆண்டுகளில், 1902இல், அது வேறு உறுப்பிலிருந்து வந்து குடியேறியது என்று காட்டினார்கள். இன்றும் அதன் பெயர் க்ரூகன்பெர்க் கட்டி. அதன் மூல இடம் பெரும்பாலும் இரைப்பைதான். அதிலும், அந்தப் பரவல் வகை.

குடல் வகைப் புற்று பெரும்பாலும் ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகும். பரவல் வகை வயிற்றறையின் சவ்வுக்கும், பெண்களில் சினைப்பைக்கும் போகும். இப்படிச் சினைப்பைக்குப் பரவும் பெண்களின் சராசரி வயது நாற்பத்தைந்தை ஒட்டி; மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்கள்தான் அதிகம். பெரும்பாலும் இரண்டு பக்கச் சினைப்பையிலும் கட்டி இருக்கும். இரைப்பையிலிருந்து உதிர்ந்த செல்கள் வயிற்றுக்குள் விழுந்து சினைப்பையில் ஒட்டிக்கொள்கின்றன என்பது பழைய விளக்கம். ஆனால் பல கட்டிகளில் சினைப்பையின் வெளித்தோல் வழவழப்பாக, காயமே இல்லாமல் இருக்கிறது; புற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதனால் நிணநீர்க் குழாய் வழியாகவோ ரத்தம் வழியாகவோ போகிறது என்று பலர் கருதுகிறார்கள். இரைப்பையின் உட்சுவரில் நிணநீர்க் குழாய்கள் அடர்ந்திருக்கின்றன. அதனால்தான் இரைப்பையில் மிகச் சிறிய புண்ணாக இருக்கும்போதே சினைப்பையில் பெரிய கட்டி வந்துவிடுவதும் நடக்கிறது.

ஏன் மாதவிடாய் நிற்காத பெண்கள்? அந்த வயதில் சினைப்பைக்கு ரத்த ஓட்டம் மிகுதி. மாதாமாதம் முட்டை வெளிவரும்போது அதன் மேற்பரப்பு பிளந்து ஆறுகிறது. உள்ளேயே ஈஸ்ட்ரோஜன் நிறைந்திருக்கிறது. வந்து சேரும் செல்லில் அதைப் படிக்கும் ஏற்பி இருந்தால், அங்கே தங்கி வளர எல்லா வசதியும் இருக்கிறது. மாதவிடாய் நின்று சினைப்பை சுருங்கிய பிறகு இந்த வகைப் பரவல் குறைகிறது என்பது ஹார்மோனின் பங்கைச் சுட்டும் வலுவான குறிப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ரத்த ஓட்டம் எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே வயதில் ஒன்றாகவே வந்து, ஒன்றாகவே போகின்றன. இன்னொரு வியப்பு: சினைப்பையில் குடியேறிய கட்டி, சுற்றியுள்ள திசுவைத் தூண்டி ஹார்மோன் சுரக்கவும் வைக்கும். மாதவிடாய் தாறுமாறாவது, முகத்தில் முடி வளர்வது, நின்றுபோன பிறகு மீண்டும் ரத்தம் போவது ஆகியவைகூட சில பெண்களுக்கு முதல் அறிகுறியாக இருந்திருக்கின்றன.

இதனால் என்ன ஆகிறது என்றால், இப்படிப் பரவிய இரைப்பைப் புற்றுள்ள ஒரு பெண் சில நேரம் முதலில் போய் நிற்பது மகப்பேறு மருத்துவரின் முன்னால். அடிவயிறு கனமாக இருக்கிறது, வீக்கமாக இருக்கிறது என்று போகிறார். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி தெரிகிறது. சினைப்பையிலேயே தோன்றிய புற்று என்று தவறாக முடிவு கட்டிவிடக்கூடும். இரண்டு பக்கமும் கெட்டியான கட்டி இருந்தால் இரைப்பையையும் குடலையும் ஸ்கோப் (கேமரா பொருத்திய குழாய்) போட்டுப் பார்ப்பது அவசியம். மருத்துவர் சொல்லாவிட்டாலும் குடும்பத்தினர் கேட்கலாம், தவறில்லை. சிகிச்சை முற்றிலும் வேறாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

இதே குழப்பம் மார்பகத்தோடும் உண்டு. மார்பகப் புற்றில் லோபுலர் என்று ஒரு வகை. அதிலும் செல்கள் தனித்தனியாகப் பிரிந்தே ஊடுருவும். அது இரைப்பைக்குப் பரவினால், சுவர் தடித்து விறைத்து, பார்ப்பதற்கு அப்படியே பரவல் வகை இரைப்பைப் புற்றுபோல இருக்கும். திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்பது, இரண்டையும் பிரித்தறிய உதவும் சோதனைகளில் ஒன்று. ஆனால் சில இரைப்பைப் புற்றுகளிலும் அந்த ஏற்பி கொஞ்சம் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பமாட்டார்கள். வேறு சாயங்களும் போடுவார்கள். முன்பு மார்பகப் புற்று வந்து குணமான பெண் என்றால் அந்த விவரத்தை ஸ்கோப் போடும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும்.

இந்த இரண்டு நோய்களுக்கும் ஒரே வேர் உள்ள குடும்பங்களும் இருக்கின்றன. செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் இ-கேடரின் என்ற புரதம் சிடிஎச்1 மரபணுவிலிருந்து வருகிறது. நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே இரைப்பைப் புற்று வந்துகொண்டிருந்ததற்கு இந்த மரபணுக் கோளாறுதான் காரணம் என்று 1998இல் கண்டார்கள். அந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு இரைப்பை மட்டுமல்ல, லோபுலர் மார்பகப் புற்றுக்கும் வாய்ப்பு அதிகம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் மூன்று இனத்தவர் ஒரே ஊரில் வாழ்கிறோம். ஆனால் இரைப்பைக் கிருமியின் கணக்கு மூவருக்கும் வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோ கியான் லீயும் நுண்ணுயிரியலாளர் பராசக்தியும் 2001இல் வெளியிட்ட ஆய்வு உலகளவில் பேசப்பட்டது. பைலோரி கிருமி இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. ஆனால் இரைப்பைப் புற்று சீனர்களுக்குத்தான் அதிகம். கிருமி அவ்வளவு இருந்தும் இந்தியர்கள் நடுவில் நிற்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் எல்லா இனப் பெண்களிடமும் ஒன்றுதான். ஆகவே ஹார்மோனை மட்டும் வைத்து இந்நோயை விளக்க முடியாது. கிருமியின் வகை, உப்பு, புகை, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே பைலோரியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. கிருமி இருப்பதை மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளால் பெரும்பாலும் அகற்றலாம். ஹார்மோனை நாம் மாற்ற முடியாது. கிருமியை மாற்ற முடியும்.

கொரியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கோப் போடும் தேசியத் திட்டம் இருக்கிறது. இங்கே நோய் அவ்வளவு பரவலாக இல்லாததால் அப்படி ஒரு திட்டம் இல்லை. அதனால் நம்மிடையே எல்லாம் அறிகுறியைப் பொறுத்தே நடக்கிறது. அங்கேதான் சிக்கல். செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு பெண் மேல் வயிறு வலிக்கிறது என்று சொன்னால், "கேஸ்டிரிக்தான் அக்கா, வேளா வேளைக்குச் சாப்பிடுங்க" என்று பக்கத்து வீட்டுத் தங்கை சொல்லிவிடுவாள். பார்மசியில் அமிலம் குறைக்கும் மாத்திரை கிடைக்கும். அது வலியைக் குறைக்கும். ஆனால் ஆரம்பப் புற்றுப்புண்ணைக்கூட மேலுக்கு ஆற்றிக் காட்டி ஏமாற்றும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இளம் பெண்ணாக இருந்தால் சோகை மாதவிடாயால், எடை குறைவது வேலைப் பளுவால், குமட்டல் கர்ப்பத்தால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கைவசம் தயாராக இருக்கும். கர்ப்பக் காலத்து இரைப்பைப் புற்று பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே தெரியவருவதற்கு இந்த வாந்திக் குழப்பமும் ஒரு காரணம்.

கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, விழுங்கச் சிரமமாக இருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, காரணம் தெரியாமல் எடை இறங்குகிறது, வாந்தி நிற்கவே இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வயது முப்பத்தைந்துதானே என்று தள்ளிப் போடக்கூடாது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம்தான். அங்கிருந்து கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ கடிதம் வாங்கிக்கொள்ளலாம். பரவல் வகை சுவருக்குள் ஒளிந்து வளர்வதால், ஸ்கோப்பில் மேல்தோல் நன்றாகத் தெரிந்தும் இரைப்பை சரியாக விரியவில்லை என்றால் பல இடங்களில் ஆழமாகத் திசு எடுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒன்றுமில்லை என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால் மறுபடி கேளுங்கள்.

ஹார்மோன் காக்கிறது என்று படித்துவிட்டு யாரும் மாத்திரை தேடிப் போக வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்று, ரத்தக் கட்டு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடலாம். இரைப்பைக்காக அதைப் பரிந்துரைக்கும் வழிகாட்டி எதுவும் இல்லை. எதிர்ப்பக்கத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். மார்பகப் புற்றுக்குத் தரும் டமோக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மார்பகத்தில் அடைக்கும். வேறு சில உறுப்புகளில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும். முன்பு சொன்ன ஆண் எலிகளுக்கு அது இரைப்பைப் பாதுகாப்பு தந்தது. பெண்களிடம் நடந்த சில ஆய்வுகளிலோ அதை எடுத்தவர்களுக்கு இரைப்பைப் புற்று கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. மார்பகத்துக்கு அது தரும் நன்மை இந்தச் சிறு சந்தேகத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. இரைப்பைப் புற்றுக்கு ஹார்மோன் தடுப்பு மருந்து இன்றுவரை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. மார்பகப் புற்றில் பலரும் கேள்விப்பட்ட ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) சோதனைக்குத்தான் இங்கே இடம் உண்டு; 2010இல் வந்த ஆய்வுக்குப் பிறகு, அது பாசிட்டிவாக உள்ள முற்றிய இரைப்பைப் புற்றுக்கு அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுக்கிறார்கள். பரவல் வகையில் அது பாசிட்டிவாக இருப்பது குறைவு. சினைப்பைக்குப் பரவிய கட்டி கீமோவுக்கு மற்ற இடங்களைப் போல மசிவதில்லை. சினைப்பைகளை எடுத்துவிட்டால் சில பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பழைய நோயாளிகளின் பதிவுகள் காட்டுகின்றன. யாருக்கு அது பொருந்தும் என்பதை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, பரம்பரை பற்றி. குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாருக்காவது பரவல் வகை இரைப்பைப் புற்று வந்திருந்தால், அல்லது ஒருவருக்கு இந்த இரைப்பைப் புற்றும் இன்னொருவருக்கு லோபுலர் மார்பகப் புற்றும் வந்திருந்தால், சிடிஎச்1 சோதனை பற்றிக் கேட்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மரபணு ஆலோசனை தரும் பிரிவு உண்டு. போகும்போது நோயறிக்கையின் நகலைக் கொண்டுபோங்கள். "அத்தைக்கு வயித்துல கட்டி" என்று மட்டும் சொன்னால் ஆலோசகரால் எதையும் சொல்ல முடியாது; எந்த வகை, எந்த வயதில், முதலில் எந்த உறுப்பில் என்ற மூன்றும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.